பாதியில் நின்ற காயில்

என் தங்கச்சி வீட்டுக்காரர் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் வேலை செய்கிற இடத்திலும் வீட்டிலும் எல்லோருக்கும் இதுதான் பேச்சு. கட்டின பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மனுஷன் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி போதவில்லை என்று பக்கத்து வீட்டில் வேறு போய்க் கேட்டு வாங்கி வந்தார். எல்லாம் முடிந்த பிறகு அவற்றைத் துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டும் வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அதில் ஒன்றைத் தூக்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். கூட்டம் இருந்ததால் போடவில்லை.

நெஞ்சழுத்தக்காரன் என்றார்கள். கல்லுளிமங்கன் என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன், என்ன, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் காதிலும் விழுந்திருக்கும். விழுந்தால் விழட்டும் என்றுதான் சொன்னேன்.

நாங்கள் மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. எலெக்ட்ரிக் கிட்டாருக்கு பிக்கப் செய்கிற கம்பெனி. கம்பெனி என்பதெல்லாம் வாசல் போர்டில்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அது பட்டறை. பிக்கப் என்றதும் சாமான் ஏற்றுகிற வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமியார் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, 'என் மருமக லாரி கம்பெனியில இருக்கா' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் விரல் நீளத்தில் ஒரு சின்னக் கட்டை இருக்குமே, அதுதான் பிக்கப். உள்ளே காந்தம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அந்தச் சுற்றுக்குப் பெயர் காயில். மேலே கிட்டார்க் கம்பி அதிர்ந்தால் காயில் அதைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்புக்கு அனுப்பும். அது இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் கிட்டார் வெறும் பலகை. இது போக வால்யூம் குமிழ், டோன் குமிழ், உள்ளே போகிற வயர் என்று சில்லறைச் சாமான்களும் செய்கிறோம்.

என் தங்கச்சி காயில் சுற்றுகிறவள். காயில் ஏறுகிற சட்டத்துக்குப் பாபின் என்று பெயர், அதை மெஷின் சுழற்றும். கம்பியை விரல் நுனியில் பிடித்து, இப்படியும் அப்படியும் அசைத்து விடுவது அவள் வேலை. ஒவ்வொருவரும் தாங்கள் சுற்றியதன் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பது எங்கள் வழக்கம், ஏதாவது கோளாறு வந்தால் யார் தலையை உருட்டலாம் என்று தெரிவதற்காக. அவள் புள்ளி ஊதா. அதனால் அவள் பெயரும் ஊதா. சம்பளம் கொடுக்கிற முதலாளியே 'ஊதா எங்கம்மா?' என்றுதான் கேட்பார்.

எனக்கு 'இரைச்சல்' என்று பெயர். பிக்கப்பை ஆம்ப்பில் மாட்டி, இரைச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை, அதனால். வேறு காரணமும் உண்டு என்று பேக்கிங் செய்கிற டப்பா சொல்வான். அவன் கிடக்கிறான்.

தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பெயர் 'மெழுகு'. சுற்றி முடித்த காயிலில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் காற்று இருக்கும். அப்படியே விட்டால் மேடையில் சத்தம் ஏறும்போது கம்பிகள் உள்ளுக்குள் ஆடி, பிக்கப் வீலென்று கத்தும். அதனால் அதை உருகிய மெழுகில் முக்கி வைக்கவேண்டும். முக்கியதும் உள்ளே இருக்கிற காற்று குமிழி குமிழியாக மேலே வரும். அது நின்ற பிறகுதான் வெளியே எடுக்கவேண்டும். மெழுகின் சூடு ஏறினால் பாபின் கோணிக்கொள்ளும், இன்னும் ஏறினால் தீப்பிடிக்கும். அதனால் அடுப்பை விட்டு நகரக்கூடாது. இந்த வேலைக்கென்றே செய்து வைத்தது போல ஒரு ஆள் அவர். ஒரு குமிழி மிச்சம் இருந்தாலும் எடுக்கமாட்டார். பேசமாட்டார். பசி என்று சொல்லமாட்டார். சட்டையை எத்தனை துவைத்தாலும் மெழுகு வாசனை போகாது.

அவர்கள் கல்யாணமே அந்தக் குமிழியால் நடந்ததுதான். என் தங்கச்சி லூசாகச் சுற்றுவாள். அந்தச் சத்தத்துக்கென்றே கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. லூசாகச் சுற்றினால் உள்ளே காற்று அதிகம். ஒருநாள் இவர் மெழுகு அறையிலிருந்து வந்து அவள் மெஷின் பக்கத்தில் நின்றார். அதற்கு முன் அவர் யாரிடமும் தானாக வந்து பேசி நாங்கள் பார்த்ததில்லை.

"உங்க காயில்ல மட்டும் குமிழி நிக்கவே மாட்டேங்குது," என்றார்.

"அப்போ கொஞ்ச நேரம் கூட நில்லுங்க. யாரு வேணாம்னா?" என்றாள் அவள், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த மனுஷன் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்து, அவள் கல்லூரிக்கே போக ஆரம்பித்துவிட்டாள். இவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். 'இந்த ஆளுக்கு மெழுகுச் சட்டிதான் மூத்த தாரம், நான் ரெண்டாவதுதான்' என்று என் தங்கச்சி எல்லோர் முன்னாலும் கேலி செய்வாள். அவர் காது சிவக்கும். அவ்வளவுதான் பதில்.

சாயங்கால வழக்கம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். காயில் சுற்றுகிற மெஷினில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் நேர்ச் சுற்று, மறுபக்கம் தள்ளினால் எதிர்ச் சுற்று. ஒரு கிட்டாரில் மூன்று பிக்கப் இருந்தால் நடுவில் இருப்பதை மட்டும் எதிர்ச் சுற்றாகச் சுற்றுவோம். பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்து ஒலிக்கும்போது கரகரப்பு அடங்குவதற்காக. ஒரு தடவை யாரோ ஸ்விட்சை எதிரிலேயே விட்டுப் போய், மறுநாள் காலையில் வந்தவர்கள் பார்க்காமல் ஒரு தட்டு நிறைய எதிராகச் சுற்றித் தள்ளிவிட்டார்கள். முதலாளி குதித்த குதி இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து, கடைசியாகப் போகிறவர் எல்லா ஸ்விட்சையும் நேரில் வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று சட்டம். அடுப்பை அணைக்க வேண்டியிருப்பதால் கடைசியாகப் போகிறவர் எப்போதும் மெழுகுதான். அடுப்பை அணைப்பார். ஒவ்வொரு மெஷினாகச் சுற்றி வருவார். நேரில் இருக்கிற ஸ்விட்சையும் ஒருமுறை தொட்டு அழுத்திப் பார்ப்பார். என் தங்கச்சி வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்று, 'வாங்களேன், விடிஞ்சுடப் போகுது' என்று கத்துவாள்.

அவள் போன நாள் விடுமுறை. அவசர ஆர்டர் ஒன்று இருந்ததால் நாங்கள் மூன்று பேர் மட்டும் போயிருந்தோம். முதலாளி வெளியூரில் இருந்தார். மூன்று பிக்கப் கொண்ட செட். இரண்டை முடித்துவிட்டு நடுப் பிக்கப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, "அக்கா, நெஞ்சுல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு," என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. நான் கத்தின கத்தலில் அவர் கரண்டியோடு ஓடிவந்தார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஊசி போட்டார்கள், வயர்களை ஒட்டினார்கள், இப்போதைக்குப் பயமில்லை என்றார்கள். அவளும் கொஞ்சம் தெளிந்து, தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு," என்றார்.

பட்டறையில் ஆளில்லை. விட்டால் தீப்பிடித்துவிடும். "நீங்க போங்க தம்பி, நான் இருக்கேன்ல," என்றேன். போனார்.

அவர் போன பிறகு அவள் கண்ணைத் திறந்து, "அவரு எங்க?" என்றாள்.

"மெழுகு அடுப்ப அணைக்கப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு."

"இப்பவா? அந்த ஆளா?" சிரித்தாள். "ஸ்விட்ச் ஒண்ணு விடாம தொட்டுப் பாத்துட்டுதான் வருவாரு. நீ வேணா பாரு."

அதற்கு நான் ஏதோ பதில் சொன்னேன். அவள் திரும்பப் பேசவில்லை. நர்ஸ் ஓடிவந்தார், என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் வந்து சேர்ந்தபோது துணியால் மூடியிருந்தார்கள். அவர் மூடியிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அடுப்ப அணைச்சுட்டேன்கா," என்றார்.

அதுதான் அன்றைக்கு அவர் சொன்ன கடைசி வார்த்தை. அவள் என்ன சொன்னாள், என்னைக் கேட்டாளா என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்டால்தானே சொல்ல? நான் என் பாட்டுக்கு அழுதேன்.

சீக்கிரமே வேலைக்கு வந்துவிட்டார். அடுப்பைப் பற்றவைத்தார், முக்கினார், எடுத்தார், துடைத்தார். ஒரு பிக்கப்கூட மெழுகு பிடிக்காமல் வரவில்லை. டப்பா ஒருநாள் அவர் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, லீவு போட்டுட்டு வீட்ல இருக்கலாம்ல?" என்று கேட்டிருக்கிறான். "வீட்ல என்ன இருக்கு?" என்று இவர் கேட்டாராம். துக்கத்தில் சொல்வார்களே, அப்படி இல்லையாம். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்ததாம். அவன் பயந்துபோய் வந்து என்னிடம் சொன்னான்.

வீட்டில் என்ன இருந்தது என்று நான் போய்ப் பார்த்தேன். துணி மடித்து இருந்தது. பாத்திரம் கவிழ்த்து இருந்தது. என் தங்கச்சி இருந்தவரை அந்த வீடு ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பெண் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"பெரியம்மா, நான் குழம்புல உப்பு போடுறதில்ல."

"ஏண்டி? யாருக்கு பிரஷர்?"

"வேணும்னேதான். எனக்குத் தட்டுல போட்டுக்கிறேன். அப்பாவுக்கு அப்படியே வைக்கிறேன். என்னிக்காவது 'உப்பு இல்ல'ன்னு சொல்றாரான்னு பாக்கிறேன். சாப்பிடுறாரு, தட்டக் கழுவுறாரு, போயிடுறாரு. பெரியம்மா, எனக்கு அம்மா மட்டும் போன மாதிரி இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அப்பனைப் போலவே கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் பட்டறையில் ஒரு சிக்கல். என் தங்கச்சியின் மெஷினை யாரும் தொடவில்லை. பாதி சுற்றிய பாபின் அதிலேயே மாட்டியிருந்தது. கம்பி அறுபடாமல் ஸ்பூல் உருளையிலிருந்து பாபின்வரை நீண்டிருந்தது. எழுந்து போனவள் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று மெஷின் காத்திருந்த மாதிரி இருக்கும். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தோம். ஆனால் ஆர்டர் நிற்குமா? முதலாளி நல்ல மனுஷன்தான், ஒரு காலத்தில் மேடையில் கிட்டார் வாசித்தவர், குடுமியை மட்டும் இன்னும் விடவில்லை. இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு மெழுகு அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். எனக்குச் சம்பந்தம் இல்லாத இடமா?

"மெழுகு, அந்த மெஷின்ல வேற ஆளப் போடணும்ப்பா. செட் கேட்டவர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. அந்தப் பாதிக் காயில வெட்டி எடுத்துட்டு, புதுசா..." குடுமியைத் தடவிக்கொண்டார்.

மெழுகு, சட்டியில் வருகிற குமிழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெட்ட வேணாம் சார். நான் சுத்தி முடிக்கிறேன்."

"உனக்குச் சுத்தத் தெரியுமாப்பா?"

"தெரியாது சார்."

அவள் போனதிலிருந்து அவர் வாயைத் திறந்து கேட்ட ஒரே காரியம் இதுதான். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இந்த வாரக் கடைசிவரைக்கும் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வேறொரு மெஷினில் பழைய பாபினை மாட்டிப் பழகினார். அவர் விரல்கள் கரண்டி பிடித்த விரல்கள், தடிமனானவை. பிடித்தால் கம்பி அறுந்தது, விட்டால் குவிந்தது. அவர் முகம் மாறவே இல்லை. அறுந்ததை எடுத்துப் போட்டார், திரும்ப மாட்டினார். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஐயோ, கழுத்த நெரிக்கிற மாதிரிப் புடிக்காதீங்க தம்பி, அது கம்பி, கன்னுக்குட்டிக் கயிறு இல்ல," என்று கத்தினேன். "சரிக்கா," என்றார். எதைச் சொன்னாலும் சரிக்கா. திட்டினால் திரும்பத் திட்டுகிற ஆளிடம்தான் திட்டமுடியும். இவரைத் திட்டுவது சுவரைத் திட்டுகிற மாதிரி.

வாரக் கடைசியில் அவள் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் வேலை பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தோம். அவர் மெஷினைச் சுற்றிலும் பார்த்தார். தூசியைக்கூடத் துடைக்கவில்லை.

"எதையும் மாத்தலக்கா. அவ வெச்சுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்," என்றார்.

கம்பியை விரலில் எடுத்தார். மெஷினை ஓட விட்டார். ஒருமுறையும் அறுபடவில்லை. கை எப்படியோ பழகியிருந்தது. அவள் நிறுத்திய இடம் கிட்டத்தட்டப் பாதி. மீதிப் பாதியை அவர் சுற்றி முடித்து, நுனியைப் பற்றவைத்து, காந்தத்தைச் சரிபார்த்து, அடியில் ஊதாப் புள்ளி வைத்தார். நகப்பூச்சு பாட்டில் அவள் டிராயரில்தான் இருந்தது. புள்ளி கொஞ்சம் வழிந்துவிட்டது. டப்பா கைதட்டப் போனான். நான் முறைத்ததில் கையைக் கீழே போட்டான்.

மெழுகுக்குப் போவதற்கு முன் ஒருமுறை நான் பார்க்கவேண்டும். மீட்டரை வைத்தேன். எவ்வளவு காட்டவேண்டுமோ அவ்வளவு காட்டியது. எனக்கே ஆச்சரியம். "அட, பாஸ் பண்ணிட்டீங்களே," என்றேன். சோதனைக் கிட்டாரில் மாட்டி, ஆம்ப்பைப் போட்டு, கம்பியைத் தட்டினேன்.

சத்தம் இல்லை.

வயர் கழன்றிருக்கும் என்று பார்த்தேன். கழலவில்லை. வால்யூமைத் திருகினேன். எங்கேயோ கொசு பறக்கிற மாதிரி ஒன்று வந்தது, அவ்வளவுதான். வேறு பிக்கப்பை மாட்டிப் பார்த்தேன். அது கணீரென்று ஒலித்தது. இதைத் திரும்ப மாட்டினேன். மீட்டர் எல்லாம் சரி என்கிறது. ஆம்ப் வாயைத் திறக்கவில்லை. சனியனே, உனக்கு என்னதான் கேடு என்று திட்டினேன். அவர் என் மேஜைக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"தம்பி, எந்தப் பக்கமா சுத்தினீங்க?"

"ஸ்விட்ச் இருந்த பக்கமாத்தான்கா."

"எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நேர்ல."

"இது நடுப் பிக்கப். அவ எதிர்லதான் சுத்திக்கிட்டு இருந்தா."

அவருக்கு விளக்கவேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அவள் ஒரு பக்கமாகச் சுற்றிய பாதியும், இவர் மறுபக்கமாகச் சுற்றிய பாதியும் ஒரே காயிலில் இருக்கின்றன. கிட்டார்க் கம்பி அதிரும்போது அவள் பாதி சொல்வதை இவர் பாதி இல்லை என்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு மிச்சம் எதுவும் வராது. மீட்டருக்கு இது தெரியாது. அதற்குக் கம்பி எவ்வளவு நீளம் என்று பார்க்க மட்டும்தான் தெரியும்.

"எந்தக் கடன்காரன் ஸ்விட்ச மாத்தினது?" என்று நான் டப்பா பக்கம் திரும்பினேன். அவன் சத்தியமாக நான் இல்லை என்று இரண்டு கையையும் தூக்கினான். மெழுகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார்.

"நீங்க எப்ப அந்த மெஷினத் தொட்டீங்க?"

"அன்னிக்குச் சாயங்காலம். அடுப்ப அணைக்க வந்தேன்ல. அணைச்சேன். அப்படியே ஓடி வந்திருக்கணும்." நேற்று என்ன சாப்பிட்டோம் என்று சொல்கிற குரலில் சொன்னார். "எல்லா மெஷினையும் சுத்தி வந்தேன்கா. ஏன்னு தெரியல. கை தானாப் போச்சு. அவ மெஷின் எதிர்ல இருந்துச்சு. நேர்ல தள்ளினேன். தள்ளிட்டு, மத்ததையும் தொட்டுப் பாத்துட்டுதான் கிளம்பினேன். அத விட்டுட்டு வந்திருந்தா அவளப் பாத்திருப்பேன்."

அவர் நாற்காலி துடைத்தது, தட்டு கழுவியது, சரிக்கா சரிக்கா என்றது எல்லாவற்றுக்கும் அடியில் இது கிடந்திருக்கிறது. நான் இந்த மனுஷனைக் கல்லுளிமங்கன் என்று ஊர் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அவ உங்கள எங்கன்னு கேட்டா," என்றேன்.

அவர் தலையைத் தூக்கினார்.

"அடுப்ப அணைக்கப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாருன்னு சொன்னேன். அதுக்கு அவ, 'இப்பவா? அந்த ஆளா? ஸ்விட்ச் ஒண்ணு விடாம தொட்டுப் பாத்துட்டுதான் வருவாரு. நீ வேணா பாரு'ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. அதுதான் தம்பி, அதுக்கப்புறம் பேசல."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"கோவிச்சுக்கலையா?"

"உங்களக் கோவிச்சுக்க அவளுக்கு எங்க நேரம்? கிண்டல் பண்ணவே நேரம் சரியாப் போச்சு."

"சிரிச்சாளா?" என்று திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். அவர் முகத்தில் வாயோரம் ஏதோ ஒன்று அசைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. "சரிக்கா," என்று பிக்கப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவள் மெஷினுக்குப் போனார்.

முதலாளி வந்து, போகட்டும் விடுப்பா, புதிதாக ஒன்று சுற்றிக்கொள்ளலாம் என்றார். இவர் காதில் வாங்கவே இல்லை. தான் சுற்றிய பாதியைப் பிரிக்க ஆரம்பித்தார். சுற்றிய கம்பியைப் பிரிப்பது எங்கள் தொழிலில் யாரும் செய்யாத வேலை. மேல்பூச்சு உரிந்துவிடும், பாதி வழியில் அறுந்துவிடும், குப்பையில் போடுவதே மேல். கையால் மெல்லத் திருப்பித் திருப்பிப் பிரித்தார். அறுந்த இடத்தில் நுனியைத் தேடி எடுத்து மேலும் பிரித்தார். காலடியில் செம்பு நிறத்தில் கம்பி குவிந்தது. கம்பி திசை மாறுகிற இடம் வந்ததும் நின்றார். அங்கிருந்து உள்ளே எல்லாம் அவள் சுற்றியது. அதன் மேல் படாமல், தொடுவது போல விரலைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு வெட்டி, புதுக் கம்பியை அங்கே பற்றவைத்து, ஸ்விட்சைத் தானே எதிரில் தள்ளினார். சுற்றினார்.

திரும்ப என் மேஜைக்கு வந்தது. மீட்டரைத் தொடாமலே ஆம்ப்பைப் போட்டு, கம்பியைத் தட்டினேன். வந்தது. தங்கச்சி குரல் கேட்டது, கிரல் கேட்டது என்றெல்லாம் நான் புளுகமாட்டேன், பிக்கப்பின் சத்தம்தான். ஆனால் நல்ல சத்தம், அவள் காயிலுக்கு உள்ள அகலமான சத்தம். முதலாளி கிட்டாரை வாங்கி, கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டு வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேக்குதாக்கா?" என்று மெழுகு கேட்டார், கேட்டுக்கொண்டே நின்றவர்.

"கேக்குது."

சாயங்காலம் அதை முக்கினார். நான் கிளம்பாமல் மெழுகு அறை வாசலில் நின்றேன். முதலில் அவர் சுற்றிய பாதியிலிருந்து நாலைந்து குமிழி வந்து நின்றது. அதில் காற்று ஏது, அப்படி இறுக்கிச் சுற்றியிருந்தார். அதற்கு அப்புறம் உள்ளேயிருந்து வர ஆரம்பித்தது. அது அவளுடையது. வந்துகொண்டே இருந்தது. இதுவரைக்கும் எத்தனையோ தடவை அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், கூட நில்லுங்கள் என்று அவள் சொன்னதற்காக. இப்போதும் நின்றார். குமிழி சின்னதாகியது. ஒன்று வந்தது, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் வரவில்லை.

அவர் எடுக்கவில்லை. கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நின்னுடுச்சுக்கா," என்றார்.

பிறகுதான் அழுதார். சட்டியைப் பிடித்துக்கொண்டு, குரல் விட்டு, குழந்தை மாதிரி. முன் அறையில் டப்பா ரேடியோவை அணைப்பது கேட்டது. மெழுகின் சூடு வெப்பமானியில் குறித்த கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை. நான் கொக்கியை அவர் கையிலிருந்து வாங்கிப் பிக்கப்பை வெளியே எடுத்து வைத்தேன்.

"நீங்க கிளம்புங்க தம்பி. பொண்ணு தனியா இருக்கா. அடுப்ப நான் பாத்துக்கிறேன்."

"ஸ்விட்ச்..."

"அதையும் நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். பைகூட எடுக்கவில்லை. நான் அடுப்பை அணைத்தேன். ஒவ்வொரு மெஷினாகச் சுற்றி வந்து ஸ்விட்சைத் தொட்டேன். எல்லாம் நேரில் இருந்தது, அவளுடையது மட்டும் எதிரில். அதை நேரில் தள்ளிவிட்டு விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. தங்கச்சி பெண்.

"பெரியம்மா," என்றாள். மூச்சு வாங்கியது. "அப்பா சாப்பிட உக்காந்தாரு. ஒரு வாய் வெச்சாரு."

"என்னடி ஆச்சு?"

"உப்பு எங்கன்னு கேட்டாரு பெரியம்மா."